மீன்கிட்ட இருந்து ஆரம்பிங்க, கடையில இருந்து வேண்டாம்

ஒரு கேள்வி கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு கன்வேயருக்கு மோட்டார் வாங்கணும். நீங்க மோட்டாரை முதல்ல வாங்கிட்டு அப்புறம் லோடு எவ்வளவுன்னு பார்ப்பீங்களா, இல்ல லோடு கணக்குப் போட்டுட்டு மோட்டார் தேடுவீங்களா? செமஸ்டர் பேப்பர்ல எல்லாரும் ரெண்டாவது வழியைத்தான் எழுதுவோம். ப்ராஜெக்ட்னு வந்துட்டா பாதிப் பேர் முதல் வழியில போறோம். எது ஆஃபர்ல கிடைக்குதோ அதை ஆர்டர் பண்ணிட்டு, அதுக்கேத்த மாதிரி அப்ஸ்ட்ராக்ட் எழுதறோம்.

இந்தக் கட்டுரை மோட்டாரைப் பத்தினது இல்லை. அமெரிக்காவுல, மினசோட்டா மாநிலத்துல, உறைஞ்சு போன ஏரி மேல நின்னு, ஐஸ்ல ஓட்டை போட்டு, வால்ஐ என்கிற மீனைப் பிடிக்கத் தேவையான தூண்டில் சாமானைப் பத்தினது. சிரிக்காதீங்க. நான் பனியையே நேர்ல பார்த்ததில்லை, உண்மைதான். ஆனா ஹாஸ்டல்ல ஃபேன் அஞ்சுல சுத்தும்போது இந்த வீடியோக்களைப் பார்க்கிற பழக்கம் ரெண்டு வருஷமா இருக்கு. அது தெரிஞ்சுதான், அங்க எம்.எஸ். படிக்கிற எங்க டிபார்ட்மெண்ட் அண்ணா ஒருத்தர், போன டிசம்பர்ல தன் ஷாப்பிங் கார்ட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். முதல் வரியில சோனார். ரெண்டாவது கூடாரம். மூணாவது, முப்பது பொய் இரை இருக்கிற ஒரு டப்பா. கடைசியில, சும்மா கூட வந்தது மாதிரி, ஒரு ராடு. நரம்பு லிஸ்ட்லயே இல்லை.

என் கருத்து இதுதான்: அந்த லிஸ்ட் தலைகீழா இருக்கு. தூண்டில் சாமான் தேர்வு மீனோட கண்ணுலயும் வாயிலயும் ஆரம்பிச்சு, முள், நரம்பு, ராடு, கடைசியா பேட்டரி போட்ட சாமான்னு மேல வரணும். ஏன்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

லோடு யாரு?

வால்ஐ என்ற பேருக்கும் நம்ம ஊர் வாலுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தப் பேர் கண்ணால வந்தது. பூனைக் கண்ணுல டார்ச் அடிச்சா மின்னுது இல்லையா? அதே சமாச்சாரம்தான் இதுக்கும். விழித்திரைக்குப் பின்னாடி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புற ஒரு அடுக்கு இருக்கு. அதனால மங்கின வெளிச்சத்துல இது நல்லாப் பார்க்கும். சின்ன மீன்கள் தடுமாறுற நேரம் பார்த்து வேட்டைக்குக் கிளம்பும். விடியற நேரமும் பொழுது சாயற நேரமும்தான் இதுக்கு டின்னர் டைம். 1965-ல இருந்து மினசோட்டாவோட மாநில மீன் இது. பாடெட் என்கிற ஊர்ல 40 அடி நீளத்துக்கு இதுக்குச் சிலையே வெச்சிருக்காங்க. ஒரு மீனுக்கு!

இப்ப ஏரியைப் பாருங்க. தண்ணி 4 டிகிரி செல்சியஸ்லதான் அதிக அடர்த்தியா இருக்கும்னு எட்டாவதுலயே படிச்சோம். அதனாலதான் ஏரி மேல இருந்து உறையுது. ஐஸை ஒட்டின தண்ணி 0 டிகிரி, அடியில அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு. மீன் குளிர் ரத்தப் பிராணி. குளிர்ல அதோட உடம்பு மெதுவா ஓடும், சாப்பாடும் குறைவாத்தான் தேவைப்படும். கோடையில மாதிரி பாய்ஞ்சு வந்து கவ்வாது. வரும், நிக்கும், பார்க்கும். பிடிச்சா வாயைத் திறந்து தண்ணியோட சேர்த்து உறிஞ்சும். மேல இருக்கிற கைக்கு அது ஒரு சின்ன "டிக்" மட்டும்தான். சில சமயம் அதுவும் இல்லை, நரம்பு லேசாத் தொய்யும், அவ்வளவுதான்.

சாதாரணமா கிடைக்கிற வால்ஐ 38-ல இருந்து 50 சென்டிமீட்டர் நீளம், அரைக் கிலோவுல இருந்து ஒண்ணேகால் கிலோ எடை. ஆக நம்ம டிசைன் ஸ்பெக் இது: 6-ல இருந்து 9 மீட்டர் ஆழத்துல, மங்கலான வெளிச்சத்துல, சோம்பேறியா இருக்கிற ஒரு கிலோ மீன் கொடுக்கிற மிக மெல்லிசான சிக்னலை, கையுறை போட்ட கைக்குக் கொண்டு வரணும். அது கவ்வின அடுத்த நொடியில முள் அதோட வாயில ஏறணும். இந்த ஸ்பெக்கை எழுதாம எதை வாங்கினாலும் அது குருட்டாம்போக்குதான்.

முள்ளும் பொய் இரையும்

நம்ம ஊர்ல ஏரிக்கரையில உக்காந்து தூண்டில் போட்டவங்களுக்குத் தெரியும், முள்ளுல மண்புழு கோத்து, தக்கை விட்டு, காத்துக்கிட்டு இருக்கணும். ஜிக்கிங்ல தக்கை கிடையாது. இரையைத் தூக்கி, விழ விட்டு, நிறுத்தி, மறுபடி தூக்கி ஆட்டிக்கிட்டே இருக்கணும். ஓட்டைக்கு நேர் கீழே மட்டும்தான் உங்க சாம்ராஜ்யம். படகுல போற மாதிரி இரையை இழுத்துக்கிட்டு ஊர் சுத்த முடியாது. அதனால இரை விழுகிற விதமும் நிக்கிற விதமும்தான் எல்லாமே.

இங்க ரெண்டு குடும்பம் இருக்கு. ஒண்ணு ஸ்பூன்: உலோகத் தகடு இல்லன்னா வார்ப்பு, கீழே மூணு முனை முள். விழும்போது படபடன்னு அடிச்சு மின்னும். முள்ளுல ஒரு சின்ன மீனோட தலையைக் கிள்ளி மாட்டுவாங்க. மின்னல் கூப்பிடும், வாசனை சாப்பிட வைக்கும். இன்னொண்ணு பேலன்ஸ் பண்ணின இரை. ஃபின்லாந்து நிறுவனமான ரபாலாவோட ஜிக்கிங் ராப் இதுல பேர் போனது. நரம்பு கட்டுற வளையம் முதுகு நடுவுல இருக்கு, அதனால படுத்த மாதிரி தொங்கும். சுண்டினா வால் துடுப்பால பக்கவாட்டுல பாய்ஞ்சு, சுத்தி வந்து பழைய இடத்துல நிக்கும். நம்ம ஃப்ரீ பாடி டயக்ராம் அத்தனையும் ஏழு சென்டிமீட்டர்ல!

எதை எடுக்கிறது? என் பதில், முப்பது வேண்டாம், நாலு போதும். 3.5 கிராம்ல ஒரு ஸ்பூன், 7 கிராம்ல ஒரு ஸ்பூன், 5 சென்டிமீட்டர்லயும் 7 சென்டிமீட்டர்லயும் ஒவ்வொரு பேலன்ஸ் இரை. ஆழம் குறைவா, மீன் சந்தேகப் பிராணியா இருந்தா லேசானது, மெதுவா விழும். ஆழம் அதிகமா, மீன் கூட்டமா ஓடிக்கிட்டு இருந்தா கனமானது, சீக்கிரம் போய்ச் சேரும். எடை என்பது வெறும் எடை இல்லை, இரை விழுகிற வேகத்தோட ரெகுலேட்டர். அதை நிறத்துக்கு முன்னாடி முடிவு பண்ணணும்.

நிறத்தைத் தண்ணி முடிவு பண்ணும். அமெரிக்க கனடா எல்லையில இருக்கிற லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரித் தண்ணி டீ டிக்காஷன் மாதிரி பழுப்பு. அங்க தங்க நிறம், ஆரஞ்சு, வெளிச்சம் காட்டினா அப்புறம் ஒளிர்ற பெயிண்ட், இதெல்லாம் எடுபடும். மில் லாக்ஸ் ஏரியில ஜீப்ரா சிப்பிகள் புகுந்து தண்ணியை வடிகட்டித் தெளிவாக்கிடுச்சு. அந்த மாதிரித் தண்ணிக்கு வெள்ளி நிறமும், அடக்கமான இயற்கை நிறமும். வால்ஐயோட கண்ணுல ரெண்டே வகை நிற உணர் செல்கள், ஒண்ணு பச்சைப் பக்கம், இன்னொண்ணு ஆரஞ்சு சிவப்புப் பக்கம். கடையில முப்பது நிறம் தொங்குறது மீனுக்காக இல்லை, நமக்காக. டப்பாவுல இருக்கிற முப்பதும் வாங்குறவன் கண்ணைப் பிடிக்கத்தான் முதல்ல டிசைன் பண்ணியிருக்கு, அதுல அவங்க ஜெயிச்சுட்டாங்க.

நரம்பு: யாரும் பேசாத பார்ட்

நம்ம கடலோர ஊர்கள்ல தங்கூஸ் நரம்புன்னு சொல்ற நைலான் நரம்பு தெரியும்தானே? இழுத்தா நீளும். கோடையில பெரிய மீனோட மல்லுக்கட்டும்போது அந்த நீட்சி நல்லது, ஷாக் அப்ஸார்பர் மாதிரி. ஐஸ் ஓட்டையில அதுவே வில்லன். ஒரு கணக்குப் போடுவோம். ஆழம் 8 மீட்டர். முள்ளை ஏத்த இழுக்கும்போது நரம்பு 5 சதவீதம் நீளுதுன்னு வெச்சுக்குவோம். 8 மீட்டர்ல அது 40 சென்டிமீட்டர். உங்க ராடு மொத்தமே 70 சென்டிமீட்டர், மணிக்கட்டைச் சுண்டினா நுனி எழும்புறதே ஏறக்குறைய 40, 50 சென்டிமீட்டர்தான். அதாவது நீங்க கொடுத்த இழுவை பூராவையும் நரம்பே முழுங்கிடும். முள்ளுக்கு ஒண்ணும் போய்ச் சேராது. மேல நீங்க "மிஸ் ஆயிடுச்சே"ன்னு சொல்லுவீங்க, கீழ மீனுக்கு விஷயமே தெரியாது.

இதுக்கு மாற்று, பின்னின நரம்பு. உயர் மூலக்கூறு எடை பாலிஎத்திலீன் இழைகளை முறுக்காமப் பின்னி எடுக்கிறது. நீட்சி ரொம்பக் குறைவு, அதே பலத்துக்கு நைலானைவிட மெல்லிசு. கீழ மீன் மூச்சு விட்டாலும் மேல கைக்கு வரும்னு வீடியோவுல சொல்லுவாங்க. அது கொஞ்சம் ஓவர்தான், ஆனா "டிக்" கட்டாயம் வரும். குறை என்னன்னா, இழைகளுக்கு நடுவுல தண்ணி தங்கும். மைனஸ் பத்துல அந்தத் தண்ணி உறைஞ்சு நரம்பு கம்பி மாதிரி விறைச்சு, ராடு வளையத்துல ஐஸ் கட்டிடும். மூணாவது ஃப்ளோரோகார்பன்: தண்ணியை உறிஞ்சாது, தண்ணியைவிடக் கனம் என்பதால மூழ்கும், ஒளிவிலகல் எண் நைலானைவிடத் தண்ணிக்குக் கிட்ட இருப்பதால கண்ணுக்குக் கம்மியாத் தெரியும். நல்லாப் பார்க்கிற மீனுக்கு முன்னாடி இது முக்கியம். குறை, விறைப்பு. ரீல்ல சுத்தி வெச்சா சுருள் சுருளா ஞாபகம் வெச்சுக்கும், குளிர்ல இன்னும் மோசம்.

மூணு மெட்டீரியல், மூணுலயும் ஒரு ஓட்டை. இதுக்குத்தானே காம்போசிட் படிச்சோம்? கூடாரத்துக்குள்ள ஹீட்டர் போட்டு உக்காந்தா, பின்னின நரம்பு மெயின், கீழே ஒரு மீட்டர் போல ஃப்ளோரோகார்பன். ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு சுழல் வளையம், இல்லன்னா இரை சுத்தச் சுத்த நரம்பு முறுக்கிக்கும். திறந்த வெளியில, காத்துல உக்காந்தா, முழுசும் 6 பவுண்டு ஃப்ளோரோகார்பனோ, குளிருக்குன்னே செஞ்ச நைலானோ. நீட்சியைக் கொஞ்சம் சகிச்சுக்கிட்டு ஐஸ் தொல்லையில இருந்து தப்பிக்கலாம். ஆழம் 5 மீட்டருக்குள்ளன்னா அந்த நீட்சி பெரிய நஷ்டமும் இல்லை.

6 பவுண்டுன்னா 2.7 கிலோ. ஒரு கிலோ மீனுக்கு இது போதுமான்னு கேக்கலாம். மீன் தண்ணிக்குள்ள கிட்டத்தட்ட எடையே இல்லாமத்தான் மிதக்குது. நரம்புல வர்ற விசை அதோட எடை இல்லை, அது உதறுற விசை. அதைச் சமாளிக்க ரீல்ல டிராக் இருக்கு, ஒரு க்ளட்ச். நரம்போட பலத்துல மூணுல ஒரு பங்கு, நாலுல ஒரு பங்கு விசையில வழுக்குற மாதிரி வெச்சா நரம்பு அறாது. தடிமனான நரம்பு போட்டா பாதுகாப்புன்னு நினைச்சா, லேசான இரை அந்தத் தடிமனோட இழுவையில மெதுவா, கோணலா இறங்கும். நீங்க யோசிச்சு எடுத்த 3.5 கிராம் வீணாப் போயிடும்.

ராடும் ரீலும்

இப்பதான் ராடு. நீளம் 70-ல இருந்து 80 சென்டிமீட்டர், ஏன்னா ஓட்டைக்குப் பக்கத்துலயே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உக்காருவீங்க. அவ்வளவு குட்டி ராடுல நல்லது கெட்டது என்னன்னு கேட்டா, அது ஒரு கேண்டிலீவர் பீம். நுனி மெல்லிசு, அடி தடிப்பு. நுனி மட்டும் சட்டுனு வளைஞ்சு நடுவும் அடியும் விறைப்பா இருந்தா அதை ஃபாஸ்ட் ஆக்ஷன்னு சொல்றாங்க. வால்ஐ ஜிக்கிங்குக்கு அதுதான் வேணும். நுனி மீனோட டிக்கைக் காட்டும், அடிப்பகுதி முள்ளை ஏத்தும். மீடியம் லைட் இல்லன்னா மீடியம் பவர். நம்ம இரை 3.5 கிராம்னா மீடியம் லைட், 7 கிராமும் அதுக்கு மேலயும்னா மீடியம். ரொம்ப விறைப்பான ராடுல லேசான ஸ்பூனை ஆட்டினா, அது கீழ ஆடுதா இல்லையான்னே தெரியாது. ரொம்பத் தொளதொளப்பானதுல கனமான இரையை ஆட்டினா, நுனி மட்டும் ஆடும், இரை அசையாது. பார்த்தீங்களா, இரை முடிவாகாம ராடு வாங்கவே முடியாது.

மினசோட்டாவுல குளிர்காலத்துல ஒருத்தர் ரெண்டு தூண்டில் போடலாம். கோடையில ஒண்ணுதான். அதனால ரெண்டாவது ராடு இதுக்கு நேர் எதிரா இருக்கணும்: மெதுவா அடி வரைக்கும் வளையற கண்ணாடியிழை ராடு, வெறும் முள்ளுல உயிரோட ஒரு சின்ன மீன், ஸ்டாண்டுல வெச்சுட்டு சும்மா விட்டுடறது. ஆடுற இரை தூரத்துல இருக்கிற மீனைக் கூப்பிடும். வந்த மீன் ஆடுறதைக் கண்டு மிரண்டா, பக்கத்துல சும்மா நீந்துறதைச் சாப்பிடும். ஒரே மாதிரி ரெண்டு ராடு வாங்குறவங்க இந்த வாய்ப்பை விட்டுடறாங்க.

ரீல் பத்தி ஒரே விஷயம். குளிர்ல கிரீஸ் கெட்டியாகும், நம்ம விஸ்காசிட்டி சார்ட்டை வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் படிங்க. கடையில வந்த கெட்டி கிரீஸைத் துடைச்சுட்டு லேசான எண்ணெய் போட்டாலே சாதாரணக் குட்டி ஸ்பின்னிங் ரீல் ஒழுங்காச் சுத்தும். காசை இங்க கொட்ட வேண்டாம்.

"சோனார் இல்லாம எப்படி?"

இதுதான் அந்த அண்ணா கேட்ட கேள்வி. நியாயமான கேள்வி. ஃப்ளாஷர்னு சொல்ற வட்ட டயல் சோனார், ஐஸ் ஃபிஷிங்கை நிஜமாவே மாத்தினது. வெக்ஸிலார் மாதிரிக் கம்பெனிகளோட டயல்ல உங்க இரை ஒரு கோடாத் தெரியும், மீன் இன்னொரு கோடா வந்து அதுக்குக் கீழ நிக்கும். நீங்க ஆட்டுறதுக்கு அது வருதா, விலகுதான்னு உடனே தெரியும். டேவ் ஜென்ஸ் என்ற மினசோட்டாக்காரர், சறுக்கிக்கிட்டே இழுத்துட்டுப் போற கூடாரத்தைச் செஞ்சு, சோனாரைத் தூக்கிக்கிட்டு ஓட்டை ஓட்டையா நகர்ந்துக்கிட்டே இருக்கணும்னு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தார். அதுக்கு முன்னாடி ஒரே ஓட்டையில நாள் முழுக்க உக்காந்திருக்கிறதுதான் வழக்கம். இதை நான் மறுக்கலை.

ஆனா சோனார் ஒரு சென்சார். சென்சார் ஆக்சுவேட்டர் வேலையைச் செய்யாது. நீட்சியான நரம்பு, பொருந்தாத ராடு, தப்பான எடை, இதையெல்லாம் வெச்சுக்கிட்டு நல்ல சோனார் வாங்கினா, மீன் வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போறதை ரொம்பத் தெளிவாப் பார்க்கலாம். அவ்வளவுதான் லாபம்.

சென்சாரோட லிமிட்டையும் தெரிஞ்சுக்கணும். ஒலி கீழ போறது கூம்பு வடிவத்துல. 20 டிகிரி கூம்புன்னா 8 மீட்டர் ஆழத்துல அடிவட்டத்தோட விட்டம் 2.8 மீட்டர். 9 டிகிரின்னா 1.3 மீட்டர்தான். அகலக் கூம்புல நிறைய மீன் தெரியும், ஆனா உங்க இரைக்குக் கீழ இருக்கா, ஒண்ணரை மீட்டர் தள்ளி இருக்கான்னு தெரியாது. சரிவான தரையில அகலக் கூம்பு இன்னும் ஏமாத்தும், தரையை ஒட்டி நிக்கிற மீனை மறைச்சிடும். அதனால ஆழம் தெரியாம டிரான்ஸ்டியூசர் வாங்குறதும் தலைகீழ்தான். மினசோட்டா இயற்கை வளத் துறை ஏரிகளோட ஆழ வரைபடங்களை இலவசமாவே போட்டிருக்கு. முதல் சீசனுக்கு அதுவும், கூடவே நாலு ஓட்டை அதிகமாப் போடுற தெம்பும் இருந்தா நிறையவே கத்துக்கலாம். அடுத்த சீசன்ல, ராடு நரம்பு எல்லாம் செட் ஆன பிறகு, ஒரு சாதாரண ஃப்ளாஷர் வாங்கலாம்.

மீன் நீந்துறதையே வீடியோ மாதிரிக் காட்டுற லைவ் சோனார் வேற இருக்கு. ஆயிரம் டாலரைத் தாண்டும். கூட்டம் எங்க நிக்குதுன்னு தேடிப் போய்ப் பிடிக்கலாம். இது மீனுக்கு நியாயமான்னு அங்க பெரிய சண்டையே நடக்குது. என் பக்கம் சொல்லிடறேன்: கத்துக்கிற ஒருத்தர் கையில அது வேண்டாம். எல்லாத்தையும் திரையில பார்க்கிறவர், இரையோட எடையையும் நரம்போட தன்மையையும் கையால உணரக் கத்துக்கவே மாட்டார். சிமுலேஷன் ரிசல்ட்டைப் பார்த்துட்டு ஹேண்ட் கால்குலேஷன் போடாம விடற மாதிரி.

லிஸ்ட்ல எழுதாத ஸ்பெக்

மேல சொன்னதெல்லாம் மீனைப் பிடிக்க. இனி சொல்றது எனக்கு அதைவிட முக்கியமாப் படுது.

ஒண்ணு, ஆழம். வால்ஐயோட காற்றுப்பைக்கும் குடலுக்கும் வழி கிடையாது. ட்ரவுட் மீன் ஏப்பம் விட்டுக் காத்தை வெளியேத்தும், வால்ஐயால முடியாது. 10 மீட்டர் ஆழத்துல மொத்த அழுத்தம் மேற்பரப்பைப் போல ரெண்டு மடங்கு. பாயில் விதிப்படி, அங்க இருந்து விறுவிறுன்னு மேல தூக்கினா அந்தப் பை ரெண்டு மடங்கு ஊதணும். "போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விட்டுட்டேன்"னு சொல்ற மீன் பல சமயம் ஐஸுக்குக் கீழ செத்துப் போகுது. அதனால 9 மீட்டருக்கு மேல ஆழத்துல பிடிச்சா, சட்டம் அனுமதிக்கிற அளவுல சாப்பிடத்தான் பிடிக்கணும். விடறதுக்குப் பிடிக்கிறவங்க ஆழம் குறைஞ்ச இடத்துக்குப் போகணும். இதுவும் சாமான் தேர்வுதான், ஏன்னா ஆழம்தான் எடை, நரம்பு, கூம்பு எல்லாத்தையும் முடிவு பண்ணுது.

இதுல விளையாட்டு இல்லை. மினசோட்டாவோட ரெட் லேக்ல அளவுக்கு மீறிப் பிடிச்சுப் பிடிச்சு, 1990-களோட நடுவுல வால்ஐ கூட்டமே சரிஞ்சு போச்சு. அந்த ஏரியில பெரும் பகுதி ரெட் லேக் பூர்வகுடி மக்களோடது. அவங்களும் மாநில அரசும் 1999-ல ஒப்பந்தம் போட்டு, பிடிக்கிறதை நிறுத்தி, குஞ்சுகள் விட்டு, 2006-ல தான் மறுபடி திறந்தாங்க. வருஷக்கணக்குல ஒரு ஏரி காத்திருந்துச்சு. அப்ப இருந்த சாமானே அதுக்குப் போதுமா இருந்துச்சு. இப்ப இருக்கிற சாமான் அதைவிடப் பல மடங்கு கூர்மை.

ரெண்டு, ஈயம். மலிவான ஸ்பூன்லயும் ஜிக் தலையிலயும் ஈயம்தான் இருக்கும். மினசோட்டாவோட மாநிலப் பறவை லூன். அது செரிமானத்துக்காகச் சின்னக் கல்லுகளை முழுங்கும். ஏரி அடியில கிடக்கிற ஈயத் துண்டையும் கல்லுன்னு முழுங்கிட்டு விஷமேறிச் சாகுது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துல ஒரு அவுன்ஸும் அதுக்குக் கீழயும் எடையுள்ள ஈயக் குண்டு, ஈய ஜிக் விக்கவே தடை. மாற்று இருக்கு. டங்ஸ்டனோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், ஈயம் 11.3 தான். அதே எடைக்கு அளவு சின்னது, சீக்கிரம் இறங்கும். விலை அதிகம், ஒத்துக்கறேன். முப்பது வாங்குற காசுல நாலு வாங்கினா கட்டுப்படியாகும்னு முன்னாடியே சொல்லிட்டேன். பித்தளை ஸ்பூன் இன்னும் மலிவு.

மூணு, நீங்க. புதுசா உறைஞ்ச தெளிவான ஐஸ் குறைஞ்சது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் இருந்தாத்தான் நடக்கவே செய்யலாம்னு அந்த மாநிலத் துறை சொல்லுது. பனி கலந்த வெள்ளை ஐஸ் பலம் குறைவு, அதுக்கு ரெட்டிப்புத் தடிமன் வேணும். ஒரே ஏரியில பத்தடி தள்ளித் தடிமன் மாறும். அதனால நடக்க நடக்கத் துளைச்சுப் பார்க்கிற கருவியும், விழுந்தா ஐஸைக் குத்திப் பிடிச்சு ஏற, கழுத்துல மாட்டிக்கிற ரெண்டு கூர் முளைகளும்தான் லிஸ்ட்டோட முதல் வரி. அந்த ஸ்க்ரீன்ஷாட்ல இது ரெண்டும் இல்லை. நான் திரும்ப அனுப்பின மெசேஜ்ல இதைத்தான் முதல்ல எழுதினேன்.

சரி, நமக்கு என்ன?

நம்ம காலேஜ்ல யாரும் இந்த வாரம் ஐஸ் ஆகர் வாங்கப் போறதில்லை. ஆனா இந்த வாரம் ஜீரோத் ரிவ்யூ இருக்கு. எத்தனை டீம் "என்ன போர்டு யூஸ் பண்றோம்"ல ஆரம்பிக்கப் போகுது, எத்தனை டீம் "யாருக்கு, என்ன கண்டிஷன்ல, எவ்வளவு"ல ஆரம்பிக்கப் போகுது? ஒரு குட்டி ராடுக்கே மீனோட கண்ணு, தண்ணியோட நிறம், ஆழம், இரையோட எடை, நரம்போட நீட்சின்னு அஞ்சு கேள்விக்குப் பதில் தேவைப்படுது. வரிசையை மாத்தினா ஒவ்வொரு பார்ட்டும் தனியா நல்லதா இருக்கும், சேர்த்து வெச்சா மீன் வராது.

இன்னொண்ணும் கவனிங்க. ஆழத்தையும் ஈயத்தையும் எந்தக் கடையும் லிஸ்ட்ல போடாது. அந்த மீனும் லூனும் கஸ்டமர் இல்லை. ஆனா நம்ம டிசைன்ல அடிபடறது அவங்கதான். நம்ம ப்ராஜெக்ட்லயும் அப்படி யாராவது இருப்பாங்க. ரிவ்யூவுக்கு முன்னாடி அவங்க பேரையும் ஸ்பெக் ஷீட்ல ஒரு வரி எழுதுங்க.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது அடுத்த வருஷம் மினசோட்டா பக்கம் போனா, வரிசை இதுதான்: ஐஸ் தடிமன் பாருங்க, லைசென்ஸ் எடுங்க, ஏரியோட ஆழ வரைபடம் பாருங்க, நாலு இரை, பொருத்தமான நரம்பு, ரெண்டு விதமா ரெண்டு ராடு, உக்கார ஒரு பக்கெட். பொழுது சாயறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போய் உக்காருங்க. மத்ததெல்லாம் அடுத்த சம்பளத்துல பார்த்துக்கலாம்.